கடலை எண்ணெயில் பொரித்த மீன்

தரங்கம்பாடியில் நான் தங்கியிருப்பது ஜமால் பாய் வீட்டு மாடியில். இங்கிலாந்தில் ஒரு மீன் வறுவல் கடையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, போன மாதம்தான் ஊர் திரும்பியிருக்கிறார். இன்று அடுப்படி அவருடையது. மைதாவும் அரிசி மாவும் கலந்து, ஜில்லென்ற சோடாவை ஊற்றிக் கரைக்கிறார். கொடுவா மீன் துண்டை அதில் முக்கிக் கடலை எண்ணெயில் விடுகிறார். மாவு உப்பி மொறுமொறுவென்று ஆகிறது. விரல் தடிமனுக்கு நறுக்கிய உருளைக்கிழங்கு ஏற்கெனவே பொரிந்து தட்டில் இருக்கிறது.

"அங்க தினமும் இதான் சாப்பாடா, பாய்?"

"வாயில வச்சதே இல்லைங்க. அந்தக் கடையில பன்னிக் கொழுப்புலதான் பொரிப்பாங்க. வாசனையோட சரி."

முதல் துண்டை எனக்கு வைக்கிறார். இரண்டாவதைப் பிட்டு, ஊதி, வாயில் போட்டு வெகுநேரம் மெல்கிறார்.

"அதான் அங்க மழையிலயும் ஜனங்க வரிசையில நின்னுருக்காங்க" என்கிறார்.