கப்பலேறப் பார்த்த கோணி ஊசி

ராயபுரம் ரயில்வே லைனை ஒட்டி இருந்த ஒரு தானியக் கிடங்கில் கோணி தைத்தவள் நான். கிழிந்த மூட்டையைத் தைப்பது, அவிழ்ந்த வாயைக் கட்டுவது, அவ்வளவுதான் உத்தியோகம். எட்டுப் பெண்கள் இருந்தோம். எட்டுப் பேரில் எனக்குத்தான் வாய் நீளம் என்று மேஸ்திரி சொல்வார். வாய் இல்லாதவளை அந்தக் கிடங்கில் நாய்கூட மதிக்காது என்பது அவருக்கு மட்டும் தெரியாதா என்ன.

எழுபதுகளின் தொடக்கம். கிழக்கே சண்டை முடிந்து வங்காள தேசம் என்று புது நாடு பிறந்திருந்த சமயம். அங்கே சனங்கள் சோறில்லாமல் கிடக்கிறார்கள், நம் துறைமுகத்திலிருந்தும் அரிசி போகப் போகிறது என்றார்கள். எங்கள் கிடங்கில் வேகன் வேகனாக அரிசி வந்து குவிந்தது. எல்லாம் நூறு கிலோ மூட்டை. லாரியில் ஏற்றி ஹார்பருக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கே தீர்ந்தது? கப்பல் ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் ஐயா வந்தார். எங்களையெல்லாம் நிற்க வைத்து விளக்கிச் சொன்னார். நல்ல மனுஷன், கூலிக்காரிகளுக்கு எதற்கு விளக்கம் என்று நினைக்காதவர். அந்த ஊர்த் துறைமுகத்தில் குண்டுபட்ட கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றனவாம். பெரிய கப்பல் கரையை அண்ட முடியாது. வெளியே நின்று, மூட்டைகளைப் படகுகளில் இறக்க வேண்டும். கரைக்குப் போனாலும் பாலங்கள் உடைந்து கிடக்கின்றன, ரயில் ஓடவில்லை. மறுபடியும் ஆற்றில் சின்னச் சின்னப் படகு. கடைசியில் வரப்பு மேல் ஆள் தலையில்தான் போயாக வேண்டும்.

"மாசக்கணக்கா வயிறாரச் சாப்பிடாதவன் நூறு கிலோவை எப்படிம்மா தூக்குவான்?" என்றார்.

ஆக, ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து இரண்டு அரை மூட்டையாக்கித் தைக்க வேண்டும். அது எங்களுக்கு உத்தரவு. இன்னொரு உத்தரவு சுமை தூக்குகிறவர்களுக்கு. கொக்கி போடக் கூடாது.

எங்கள் ஆட்கள் மூட்டையை வெறுங்கையால் தொட்டதே இல்லை. இரும்புக் கொக்கியைச் சதக்கென்று குத்தி இழுத்துத்தான் முதுகில் போடுவார்கள். குத்திய இடமெல்லாம் அரிசி ஒழுகும். இங்கே ஒரு குத்து, கப்பலில் ஒரு குத்து, படகுக்குப் படகு ஒரு குத்து என்று போனால் அந்த ஊருக்கு வெறும் கோணிதான் போய்ச் சேரும் என்றார் ஐயா. இதையேதான் நான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். நான் சொன்னால் யார் கேட்டார்கள்? எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சுமைக்காரர்களில் காத்திவாக்கத்துக்காரன் ஒருவன் இருந்தான். மீன்பிடிக்கிற குடும்பம், ஆனால் கடல் வேண்டாம் என்று மூட்டை தூக்க வந்தவன். அவனுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவன் குத்திய மூட்டையை அவன் முகத்துக்கு நேராகவே காட்டித் திட்டுவேன். உத்தரவைக் கேட்டதும் என்னிடம்தான் வந்தான்.

"இன்னாக்கா, நீதான் போட்டுக் குட்த்தியா? கொக்கி இல்லாம தூக்கினா கையி கயண்டு பூடும்."

"கயண்டா எத்துகினு வா, தெச்சித் தரேன்" என்றேன். கிடங்கே சிரித்தது.

அதற்கப்புறம் இராப்பகல் என்று பார்க்காத வேலை. மூட்டையைப் பிரிப்பதும் சரிப்பதும் தைப்பதுமாக விரலெல்லாம் சணல் அறுத்துக் காய்த்துப் போயிற்று. ஒரு கப்பல் அன்று சாயங்காலம் கிளம்பியாக வேண்டும், அதன் இடத்துக்கு வேறு கப்பல் வெளியே காத்து நிற்கிறது என்ற நாளில்தான் அந்தக் காரியம் நடந்தது.

எங்கள் ஊசி ஒரு சாண் நீளம், முனை வளைந்திருக்கும். கோணிக் குவியலில் கீழே வைத்தால் போனது போனதுதான். அதனால் டீக்கு எழும்போது ஆளாளுக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டையில் காது வரைக்கும் செருகிவிட்டுப் போவோம். வந்து உருவிக்கொள்வோம். எல்லோரும் செய்வதுதான். நாங்கள் டீ குடிக்கும்போது சுமைக்காரர்களும் எங்களோடுதான் குடிப்பார்கள், மூட்டை எங்கே போய்விடும்?

அன்று அவர்கள் டீக்கு வரவில்லை. கப்பல் அவசரத்தில், நாங்கள் எழுந்து போன நேரத்தில் லாரியை நிரப்பி, ஹார்பரில் இறக்கப் பாதிப் பேர் கூடவே ஏறிப் போய்விட்டார்கள். நான் திரும்பி வந்து பார்த்தால் என் இடத்தில் ஒரு மூட்டையும் இல்லை. மற்றவர்கள் ஊசி செருகிய மூட்டையெல்லாம் மிஞ்சியிருந்தது, என் ஊசி மட்டும் லாரியோடு போயிருந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில், பேசாமல் வேறு ஊசி கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். உட்காரக்கூடச் செய்தேன். கை வேலைக்குப் போகவில்லை. அந்த ஊரில் எவளோ ஒருத்தி, பிள்ளைகள் சுற்றி நிற்க, மூட்டைக்குள் கையை விட்டு அரிசி அள்ளுவாள். அவள் முகம் எனக்கு ஏனோ என் தங்கை முகமாகவே தெரிந்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கப்பல் அறையில் வெற்றுடம்போடு கழுத்தில் மூட்டை வாங்குகிறார்களே, அவர்களில் ஒருவன் பிடரியில் ஏறினால்?

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன்.

"கம்முனு போய்க் குந்தி தெய்யி" என்றார், குரலைத் தாழ்த்தி. "ஊசி கீதுன்னு தெரிஞ்சா ஒட்டுமொத்தச் சரக்கையும் நிறுத்திடுவானுங்கோ. கப்பல் பாதி வயித்தோட போவும். உனுக்கு அதான் வோணுமா?"

அவர் சொன்னதும் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் பேஜாராக்கியது. ஓர் ஊசிக்காக ஊரே பட்டினி கிடக்கலாமா? பட்டினி கிடக்கிறார்களே என்று ஊசியைச் சோற்றில் போட்டு அனுப்பலாமா? எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வர, அடுத்த லாரியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்தான், வண்டியை எடுத்தான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதுபோல ஹார்பர் கேட்டில் வாச்மேன் என்னை மட்டும் இறக்கிவிட்டான். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டானாம். விஷயத்தைச் சொன்னேன், கெஞ்சினேன், கத்தினேன். அவன் காது அடைத்த மாதிரி நின்றான். டிரைவர்தான், "நான் போயி முன்னாடி லாரிய நிறுத்தச் சொல்றேன், நீ இங்கியே இரு" என்று ஓட்டிக்கொண்டு போனான்.

அந்த வெயிலில் மதிலோரம் நின்றேன். உள்ளே கிரேன் மூட்டைக் கட்டைத் தூக்குவது தெரிந்தது. ஒவ்வொரு கட்டு மேலே போகும்போதும் அதற்குள்தான் இருக்கிறது என்று தோன்றியது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

அரை மணி நேரம் இருக்கும். காத்திவாக்கத்துக்காரன் நடந்து வந்தான். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தான். துண்டு சிவப்பாக நனைந்திருந்தது. இடது கையில் என் ஊசி.

"இன்னாக்கா, இத்தத் தேடிகினா வந்தே?"

அந்த ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அப்படி ஒரு நிம்மதி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அங்கேயே மதிலோரம் உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தன் கை கிழிந்து நிற்கிறான், எனக்குச் சிரிப்பு வருகிறது. வெட்கமாகவும் இருந்தது. சிரிப்பு நிற்கத்தான் இல்லை.

"லாரிலேர்ந்து இறக்கசொல்ல உள்ளங்கையில ஏறிச்சு" என்றான். "கொக்கி இருந்தா எனுக்குத் தெரிஞ்சே இருக்காது. குத்தி வீசிகினே இருந்திருப்பேன். அது பாட்டுக்குக் கப்பல் ஏறிப் போயிருக்கும்."

"சரக்கை நிறுத்திட்டாங்களா?" என்றேன்.

"எதுக்கு நிறுத்தணும்? உங்க டிரைவரு வந்து ஒரு ஊசிதான்னு சொன்னான். ஒரு ஊசி, ஒரு கையி. முட்ஞ்சிது. ரத்தம் பட்ட மூட்டைய மட்டும் தனியா வெச்சிட்டானுங்கோ."

அடுத்த நடையில் அந்த மூட்டையும் அவனும் நானும் ஒரே லாரியில் கிடங்குக்குத் திரும்பினோம். வழியில் டிஸ்பென்சரியில் இறக்கி ஊசி போட்டுக் கட்டுக் கட்ட வைத்தேன். மூட்டையைப் பிரித்துக் கறை பட்ட அரிசியை அள்ளி எடுத்துவிட்டு, வேறு கோணியில் கொட்டி நானே தைத்தேன். அது கடைசி லாரியில் போனது. கப்பல் சாயங்காலம் முழு வயிற்றோடுதான் கிளம்பிற்று.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் மட்டும் தூக்கைத் திறக்காமல் குந்தியிருந்தான். வலது கை முழுக்கக் கட்டு. இடது கையால் தின்ன மனசு வரவில்லை போலிருக்கிறது. நான் என் சோற்றை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஓர் உருண்டை நீட்டினேன். சுற்றி இருந்தவர்கள் கேலி பண்ணினார்கள். பண்ணட்டும். அவன் வாயைத் திறந்தான்.

மூன்றாவது உருண்டைக்கு என் விரலையே பார்த்தான்.

"இன்னாக்கா, ஒவ்வொரு வாயையும் அயுத்தி அயுத்திப் பாக்கற?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். அடுத்த உருண்டையையும் நன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அவன் வாயில் வைத்தேன்.