பிஸ்கற் தகரத்தில் ஒரு யன்னல்

எங்கள் ஸ்ரூடியோவுக்கு இரண்டு யன்னல்கள் இருந்தன. இரண்டையும் அண்ணா அடைத்துவிட்டார். நேவி கடலில் நின்று ஷெல் அடிக்கத் தொடங்கிய பிறகு வேலணையில் எல்லாரும் செய்ததுதான்: உள்ளே பனங்குற்றி, வெளியே மண்மூட்டை. வீட்டின் முன்னறைதான் ஸ்ரூடியோ. கரண்ட் வந்தால் உண்டு, பெரும்பாலும் வராது. கூரையில் இருந்த கண்ணாடி ஓட்டால் இறங்கும் வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுக்கலாம், அவ்வளவுதான். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். அதற்குள்தான் தீவுப்பகுதிப் பெண்கள், வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அனுப்பும் படத்துக்காக, பவுடர் கரையக் கரைய இருந்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. போக வழியிருந்த ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். என்னைப் போன்ற பெண்கள் போவதென்றால் ஒரு படம் போக வேண்டும், அது யாருக்காவது பிடிக்க வேண்டும். பக்கத்து ஊரான சரவணையிலிருந்து மகளோடு வந்த ஒரு தாய், கழுவி வந்த படத்தைப் பார்த்துவிட்டு, படமெடுத்த அண்ணாவிடம், "என்ன தம்பி, பிள்ளையை மறியல் வீட்டிலை பூட்டி வைச்சு எடுத்த மாதிரிக் கிடக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பெண் அழகாகத்தான் இருந்தாள். பின்னால் வெறும் சுவர், அதிலும் பாதி இருட்டு.

யோசனை என்னுடையது. பெரிய பிஸ்கற் தகரம் ஒன்றின் அடியை வெட்டி, கம்பிகளும் மேலே ஒரு வளைவுமாக யன்னல் ஒன்று செய்தேன். ஓரத்தில் பூவோடு ஒரு செவ்வரத்தங் கொப்பைக் கட்டினேன். அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி முற்றத்தில் வைத்து, வெய்யிலை அதில் பிடித்துக் கதவு வழியே உள்ளே அடித்தோம். இடையில் தொங்கிய தகரத்தினூடாக அது போய்ச் சுவரில் விழுந்தது. தகரம் சுவருக்குக் கிட்ட இருந்தபோது ஓரங்கள் கத்தரித்த மாதிரித் தெரிந்தன. பார்க்கிறவர்களுக்குப் பொய் பிடிபட்டுவிடும். கதவடிக்குத் தள்ளிக் கட்டியதும் எல்லாம் மெத்தென்று ஆகிவிட்டது. படத்தில் பார்த்தால் பெரிய யன்னல், அதன் வழியே மாலை வெய்யில், வெளியே ஒரு பூமரம்.

"எடியே, பெரிய கல்வீடு மாதிரியெல்லே கிடக்கு!" என்று அண்ணா சிரித்தார்.

ஆனால் சூரியன் நமக்காக நிற்காது. கண்ணாடியை யாராவது பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாராவது நான்தான். வெய்யிலில் நிற்பேன், உள்ளேயிருந்து அண்ணாவின் குரல் வரும். "கொஞ்சம் மேலை... இடப்பக்கம்... ஓம், ஆட்டாமல் பிடி." சரவணைப் பிள்ளையைத் திரும்ப எடுத்தபோது மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றேன். அவளுடைய படத்தில் யன்னல் ஆணி அடித்ததுபோல் நேராக நின்றது. அதன்பிறகு அந்த யன்னல் இல்லாமல் ஒருத்தியும் படம் எடுக்கவில்லை.

என் முறையும் வந்தது. தரகர் சொன்ன மாப்பிள்ளை ஜேர்மனியில், தாய் தகப்பன் கொழும்பில். நான் ஆசைப்பட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த மனிதருக்காக அல்ல, அவரைக் கண்டதே இல்லை. அந்த அறையை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. நான் கதிரையில் இருக்க, அம்மா வெளியே கண்ணாடியைப் பிடித்தார்.

"அம்மா, ஆட்டாதையுங்கோ!" என்று அண்ணா கத்தினார்.

"நான் என்னடா செய்ய, கை உளையுது!"

படத்தில் யன்னல் கொஞ்சம் சரிந்திருந்தது. பரவாயில்லை, முகம் நன்றாக வந்திருக்கிறது என்று கொடுத்துவிட்டோம்.

தரகர் கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"குறை நினையாதையும் தங்கச்சி," என்றார் அம்மாவிடம். "முதல் சரவணைப் பிள்ளையின்ரை படமும் அவையளுக்குக் குடுத்தனான். ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாத்திருக்கினம். ஒரே யன்னல், உங்கடை பிள்ளையின்ரை படத்திலை மட்டும் சரிஞ்சு கிடக்கு. சரவணைப் பிள்ளைக்கு நல்ல சீதன வீடு இருக்கு, உங்கடை பிள்ளை அந்த வீட்டிலை போய் அவசரத்திலை இருந்து படம் எடுத்திருக்கு, சொந்தமா வீடு வளவு இல்லையோ எண்டு கேக்கினம். அவையளுக்குச் சரவணைப் பிள்ளையைத்தான் பிடிச்சிருக்காம்."

அம்மா எழும்பிவிட்டார். "அது எங்கடை சுவர் அண்ணை! என்ரை பிள்ளை வெட்டின தகரம்! போய்ச் சொல்லுங்கோ!"

"சொல்லலாம். சொன்னா, இல்லாத யன்னலைக் காட்டினியளோ எண்டு கேப்பினம். சரவணைப் பிள்ளையின்ரை சம்பந்தமும் குழம்பும். அந்த யன்னலோடை போன மற்றப் படங்களும் இருக்கு."

அண்ணா என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். நான் வாயைத் திறந்தால் மற்றப் பெண்களின் வழியும் அடைபடும். திறக்கவில்லை.

மாரி தொடங்குமுன் சரவணைப் பிள்ளை பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வந்தாள். கண்டதும் என் கையைப் பிடித்தாள். "அக்கா, உங்கடை யன்னலாலைதான் எனக்குச் சரிவந்தது." பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் வழக்கம்போலக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் புறப்பட்டேன்.

"அது தேவையில்லை," என்றார் அண்ணா, என் முகத்தைப் பாராமல். "பாஸ்போட்டுக்கு வெறுஞ்சுவர்தான்."

அவள் வெறுஞ்சுவருக்கு முன்னால் போய் இருந்தாள். நான் கண்ணாடியைச் சுவரோடு திருப்பிச் சாத்திவிட்டு, அடைத்த யன்னலுக்குக் கீழே இருந்தேன்.