மலையில் கை நனைத்தோம்

என் அக்கா மகனுக்காக ஜவ்வாது மலைக்குப் பெண் கேட்கப் போனோம். பெண் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இவனும் அங்கேதான் லேப்பில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஆனால் அவளுடைய அப்பாவும் ஊராரும் சம்மதித்தால்தான் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம்.

அவனுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் நான் ஒருவன்தான். கண்ணமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. அது தெரிந்துதான் நாங்கள் கிளம்பும்போதே அவன் சொன்னான்: "மாமா, நீ சும்மா போய் உக்காந்தா போதும். சித்தப்பா பேசிக்குவாரு."

சித்தப்பா என்றால் அக்காவின் கொழுந்தன். அமிர்தி தாண்டி மலை ஏறுகிற வரைக்கும் வேனில் அவர் குரல்தான் கேட்டது. "மச்சான், நீ வாயே தொறக்காத. காரியம் கெட்டுடும்" என்று என் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் ஜன்னல் வழியாகச் சாமைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. எங்கள் பக்கத்து வெயில் அங்கே இல்லை.

ஊர் முனையில் ஒரு சின்ன அம்மன் கோயில். எங்களை எதிர்கொண்டு வந்த பெண்ணின் அப்பா அங்கேயே செருப்பைக் கழற்றி வைத்தார். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லையாம். நாங்களும் கழற்றினோம். தெருவெல்லாம் சாணம் மெழுகி அப்படி ஒரு சுத்தம். என் கடை வாசல்கூட அப்படி இருக்காது.

போனதும் பந்தியில் உட்கார வைத்தார்கள். தெரு ஆண்களும் பெண்களும் எங்களோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தட்டுக்கு வந்தன. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள். கொழுந்தன் சொன்னார்: "இருக்கட்டுங்க. பேச்சு முடியட்டும், அப்புறம் சாப்பிடலாம்."

எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டோம். ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் வரிசையில் ஒருவரும் தட்டைத் தொடவில்லை. வந்தவர்கள் சாப்பிடாமல் அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு குழந்தைகூடக் குழம்பைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தது.

"பேச்சுக்கும் சோத்துக்கும் இன்னாங்க? வழியெல்லாம் பசியோட வந்திருக்கீங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"பழக்கங்க. தப்பா நெனைக்காதீங்க" என்றார் கொழுந்தன்.

பெண்ணின் அம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "மலைக்காரங்க வூட்டு சோறு உங்களுக்கு எறங்காதா?" குரல் உயரவில்லை. ஆனால் பெண்ணின் அப்பா முகம் மாறிவிட்டது. கொழுந்தன் எங்கள் வழக்கத்தை விளக்க ஆரம்பித்தார். விளக்க விளக்க அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது.

வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்கா மகனை நினைத்தேன். பேச எனக்குத் தெரியாது. சாப்பிடத் தெரியும். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

"டேய், இன்னாடா பண்ற?" என்று அக்கா முணுமுணுத்தாள்.

"பசிக்குது" என்றேன்.

வரிசை முழுக்க ஒரே நேரத்தில் கைகள் தட்டுக்குப் போயின. பொலபொலவென்றிருந்தது சாமை. மொச்சை வெண்ணெய் மாதிரி கரைந்தது. அக்காவும் கொஞ்ச நேரம் என்னை முறைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

பெண்தான் எனக்குத் தண்ணீர் ஊற்ற வந்தாள். "உங்களுக்கு எங்க பழக்கம் தெரியுமே, நீங்களாவது எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நான் சொல்லி சாப்ட்டீங்கன்னா அது என் பேச்சுக்காக சாப்ட்டதா ஆய்டும். எங்கப்பாவுக்கு அது பத்தாதுங்க."

சாப்பிட்டு முடித்ததும் அவள் அப்பா கேட்டார்: "மாமன் யாருங்க? மாமன்தான் வாய் தொறந்து கேக்கணும்."

கொழுந்தன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எழுந்து நின்றேன். வார்த்தை வரவில்லை. எங்கள் பக்கத்தில் என்றால் இதற்குள் யாராவது சிரித்திருப்பார்கள், இல்லை எனக்குப் பதிலாகப் பேசியிருப்பார்கள். அங்கே ஒருவரும் அவசரப்படவில்லை. குழந்தைகூடக் காத்திருந்தது. என் வாழ்க்கையில் யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

"உங்க பொண்ண எங்க வூட்டுக்குக் குடுங்க" என்றேன்.

நகை, சீர் என்று பெண் வீட்டைக் கேட்கும் வழக்கமே அங்கு கிடையாதாம். அப்பா மகளைப் பார்த்தார். "ஊரு முன்னால சொல்லும்மா. உனக்கு சம்மதமா?"

அவள் தலையைக் குனியவில்லை. "சம்மதந்தாம்பா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண்ணுக்குச் சித்தப்பா முறை.

"உக்காருங்க சித்தப்பா. எவ்ளோ நேரம் நிப்பீங்க?"