மெழுகில் கரையாத சிவப்பு

தெருவில் அவளுக்கு மெழுகக்கா என்றுதான் பெயர். அவள் சமையலறையில் ஒரு பாதி சோற்றுக்கு, மறு பாதி மெழுகுக்கு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி மெழுகை உருக்குவாள். குச்சி நுனியில் துளி சாயப்பொடி எடுத்துக் கலக்கி, வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். அது உறைந்தபின் தெரிகிற நிறத்தைத்தான் நம்புவாள்.

குடித்துக் குடித்து வேலையையும் மனைவியையும் தொலைத்த அவள் அண்ணன், குடியை விட்டுவிட்டு அந்த வீட்டுக் கூடத்து மூலையில் பாய் விரித்திருந்தான். அவள் கணவர் பேருந்து நடத்துனர். "இருக்கட்டும். இன்னொரு பொய் வந்துச்சுன்னா நடுவழியிலயே இறக்கி விட்டுடுவேன்" என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். குடித்த காலத்தில் அண்ணனுக்காக அவள் அளந்த பொய்கள் கொஞ்சமா? காய்ச்சல் என்பாள், பர்ஸ் தொலைந்தது என்பாள். சத்தியம் வேறு செய்வாள்.

ஓர் உணவு விடுதிக்காரர் மேசைகளுக்குச் சிவப்பு மெழுகுவர்த்தி கேட்டிருந்தார். வீட்டில் சிவப்பு தீர்ந்துபோயிருந்தது. அடுப்பில் மெழுகு.

"அண்ணே, கடைத்தெருவுல சிவப்புச் சாயப்பொடி வாங்கிட்டு வந்துடு."

தன்னை நம்பி ஒரு வேலை சொன்னாளே என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு போனான். பொட்டலத்தோடு நேரே வீட்டுக்கு வந்தான்.

பொடி கரைய மறுத்தது. சூடு போதவில்லை என்று நினைத்து அவள் இன்னும் கிளறினாள், இன்னும் போட்டாள். அண்ணன்தான் அச்சுகளைப் பிடித்துக்கொண்டான். காலையில் எடுத்துப் பார்த்தால் மெழுகெல்லாம் வெளிறிப்போய், மேலே வேர்க்குரு மாதிரி சிவப்புப் புள்ளிகள். ஏற்றினால் திரி சடசடவென்று பொரிந்து அணைந்தது. கை கழுவப் போனாள். தண்ணீர் ரத்தமாக ஓடியது.

துணிக்குப் போடுகிற சாயம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடையில் அவள் எப்போதும் 'எண்ணெய்ச் சாயம்' என்றுதான் கேட்பாள்; அதுதான் மெழுகில் கரையும். வீட்டில்தான் அது வெறும் சாயப்பொடி. கடைக்காரனிடம் சாயப்பொடி என்றால் துணிச் சாயத்தைத்தானே மடித்துக் கொடுப்பான்?

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், மட்டமானதை வாங்கிட்டு மிச்சத்துக்கு ஊத்திக்கிட்டீங்களா? சாயம் வெளுத்துடுச்சே."

"வாயை வேணும்னா மோந்து பாருங்க மாப்ள."

"நேத்து ஊத்தினது இன்னிக்கு மணக்குமா?"

"அவன் மேல தப்பில்ல, நான்தான் எண்ணெய்ச் சாயம்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றாள் அவள். "சத்தியமாங்க."

பேருந்தில் டிக்கெட் எடுக்காமல், வளர்ந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு மூன்று வயதுதான் என்கிற தாய்மாரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வையை அவள் மேல் ஒரு தரம் ஓட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அண்ணன் பாயைச் சுருட்டத் தொடங்கினான்.

"நீ எங்க போற? அவர் சொன்னா சொல்லிட்டுப் போறாரு. நான் சொன்னதைத்தானே நீ வாங்கிட்டு வந்த?"

"எண்ணெய்ச் சாயம்னுதான் சொல்லியிருப்ப, பாப்பா. என் மண்டையிலதான் நிக்கல. குடிச்சுக் குடிச்சு எல்லாம் ஓட்டையாயிடுச்சு."

"இல்லண்ணே. நான் சொல்லவே இல்ல."

"எனக்காக நீ எவ்வளவு சொல்லியிருக்க, எனக்குத் தெரியாதா?" சிரிக்கப் பார்த்தான். "போதும்மா. இனிமேலாவது நிம்மதியா இரு."

அவள் பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அவன் பாயை விட்டுவிட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் கணவர் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"உங்கண்ணனைப் பார்த்தேன். பேருந்து நிலையத்துல, நிக்க முடியல. போறவன் வர்றவனையெல்லாம் பிடிச்சு, தங்கச்சி ஒரு வேலை சொன்னா, அதைக்கூட ஒழுங்காச் செய்யலைன்னு அழறான்."

அவள் அச்சில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன், நீ நிஜமாவே வெறும் சாயப்பொடின்னுதான் சொன்னியா?"

"ஆமா."

அவர் எழுந்து குடையை எடுத்தார். "வா, போய்ச் சொல்லலாம்."

"இப்பவும் அவனுக்காகப் பொய் சொல்றேன்னுதான் நினைப்பான்" என்றாள். ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைத் தேடினாள்.