ஒரு தொப்பி புளூபெரி

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் இருக்கும் தமிழருக்குள் காட்டு புளூபெரியைப் பற்றி என்னளவு தெரிந்த ஆள் கிடையாது. பொய். போன வருடம்வரை அது கடைக்காரன் பெட்டிக்குள்ளேயே காய்க்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை எனக்கு. பக்கத்து மெஷினில் நிற்கிற டெனிஸ்காரன்தான் காட்டைச் சொல்லித் தந்தான். அவன் வீட்டுக்குப் பின்னாலேயே காடு. காரில் வடக்கே ஒரு மணி நேரம்.

"ஆனா ஒண்டு," என்றான், "ஒரு தொப்பி கொள்ளுற அளவுதான் ஆயலாம். பழைய சட்டம்."

சட்டம் என்றாலே நான் எழும்பி நிற்பேன். விசாவுக்குக் காத்திருந்த உடம்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. சரி, நான்தான் விட்டேன். ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி செய்வேன். வீட்டில் இருந்தது பனிக்காலக் கம்பளித் தொப்பி. ஒவ்வொரு பழமாக ஆய்ந்து அதற்குள் போட்டேன். நிறைந்த நேரம் பார்த்து மழை. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன்.

வீட்டு வாசலில் மனைவி தொப்பியைப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் கேட்டது பழம். நீங்கள் கொண்டந்தது மை."

அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. 'என்ர மனிசன் காட்டில ஆய்ஞ்ச பழத்தில கேக் கொண்டுவருவன்' என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். கடைசியில் கடைக் கேக்தான் போனது. கூட வேலை செய்பவர்கள் ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டார்கள். "உங்கட மனிசன்ர காடு எந்தக் கடையில இருக்கு எண்டு இப்பவும் கேக்கினம்," என்று மனைவி இன்றுவரை என்னைக் குத்துகிறாள்.

டெனிஸ்காரனிடம் சொன்னேன். மெஷினை நிற்பாட்டிவிட்டுச் சிரித்தான். "தொப்பி எண்டது அளவுக்குச் சொன்னது மனுசா! வாளி கொண்டு போ!"

இந்த வருடமும் அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். வருகிற திங்கள் கேக். தவறினால் அவள் அங்கே தலைநிமிர்ந்து தேநீர் குடிக்க முடியாது. எனக்கு வீட்டில் தேநீரே கிடையாது. ஒரு மாதமாக நான் பிள்ளைப்பேறு பார்க்கிறவன் மாதிரித் திரிகிறேன். வேலைக்குப் போனதும் டெனிஸ்காரனிடம் பழத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி, "நீலமோ?"

"பச்சை," என்பான். போன கிழமை, "சிவப்பு." அன்றைக்கே மூடி போட்ட இரண்டு வாளி வாங்கிக் காரில் ஏற்றினேன்.

அளவு தப்பக்கூடாது என்று மனைவியின் அகலமான வெயில் தொப்பியை எடுத்து, எத்தனை தொப்பி ஒரு வாளி என்று அரிசி கொட்டிப் பார்த்தேன். மகள் வந்து நின்றாள். "ஃபார், பின்லித்!" அப்பா, மானம் போகுது என்று டெனிஸில் சொல்கிறாள். "மூண்டு பேருக்கு மூண்டு தொப்பி பிள்ளை, நீயும் வாறாய்," என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று சனி. காலையில் போனில் ஒரு படம் வந்தது: டெனிஸ்காரனின் உள்ளங்கை, மணிக்கட்டுவரை நீலம். நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு நாய் குரைத்தது. மனைவி உடுத்து வருவதற்குள் இதை எழுதிவிடலாம் என்று இருந்தேன். அந்த அரிசி அளந்த கதையைப் பாதியில் விட்டுவிட்டேனே, இரண்டாவது தொப்பியைக் கவிழ்க்கிற நேரம் பார்த்து வாசலில் மணி அடிக்க, நான் அப்படியே எழும்பி...

"இஞ்சாருங்கோ! கார் ஸ்டார்ட்டில நிக்குது! மற்ற சனம் ஆய்ஞ்சு முடிச்சாப்பிறகு போய் இலையையோ ஆயப்போறியள்?"

"ஓம் ஓம், வாறன்..."