பந்துக்கென்று ஒரு கை

றூபன் இடது கையால்தான் பெட்டி தூக்குவார். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்குவது வேலை. ஷிப்ட் முழுக்க இடது கைதான் உழைக்கும். வலது கை ஞாயிற்றுக்கிழமைக்கு. சாப்பாட்டுக்கு மட்டும் அதை இரவல் கொடுப்பார். கலியாண வீட்டில் குலுக்கக் கொடுப்பதும் இடது கையைத்தான். லண்டன் ஹவுன்ஸ்லோவில் அதற்கு முகம் சுளிக்காத பெரியவர்கள் குறைவு. "வலது கை பந்துக்கு, அண்ணை," என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

நாற்பத்தாறு வயதில் லண்டன் பூங்காவில் பேஸ்பால் ஆடும் யாழ்ப்பாணத்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். முன்பு கிரிக்கெட்தான் ஆடினார். பழைய மாணவர் போட்டியொன்றில் நடுவர் கிறிஸ்துராஜா, முழங்கை மடிகிறது, இது வீச்சு இல்லை, எறி என்று சொல்லிப் பந்துக்குப் பந்து நோபோல் கொடுத்தார். ஓவர் முடிகிற வழியாக இல்லை. றூபன் தொப்பியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். அடுத்த வாரம் பக்கத்து மைதானத்தில் சிலர் கையுறை போட்டுக்கொண்டு பந்தை எறிந்து ஆடுவதைக் கண்டு, இங்கே எறியலாமா என்று கேட்டாராம். எறிவதுதான் ஆட்டமே என்றார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அது பழைய கதை. இப்போது தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. ஞாயிறு மாலையில் மனைவி கிரிஜா உறைந்த முருங்கைக்காய்ப் பொட்டலத்தை அதில் வைத்துக் கட்டுவார். மறுநாள் அதே முருங்கைக்காய் குழம்பில் கிடக்கும். "விடுங்கோ எண்டால் விடவும் மாட்டார், நோகுது எண்டு சொல்லவும் மாட்டார்," என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். எனக்கும் இந்தப் பிடிவாதத்தில் எரிச்சல்தான், கொஞ்சம் பொறாமையும்.

போன ஞாயிறு நானும் பார்க்கப் போயிருந்தேன். இந்த ஆட்டத்தைக் கடைசிவரை எறிந்து முடிக்காவிட்டால் அடுத்த வருடம் அவருடைய இடம் இன்னொருவருக்கு என்று அணித்தலைவர் முன்பே சொல்லிவிட்டார். கடைசிச் சுற்று. இன்னும் ஒரே ஒருவரை வெளியேற்றினால் போதும். அப்போது பார்த்து றூபனின் பந்துகள் தளர்ந்து தரையில் விழத் தொடங்கின. தலைவர் மெதுவாக நடந்து வந்து அவர் முன் உள்ளங்கையை நீட்டினார். பேஸ்பாலில் அந்தக் கை நீண்டால், எறிபவர் மறுபேச்சில்லாமல் பந்தை அதில் வைத்துவிட்டு வெளியேற வேண்டும். அதுதான் வழக்கம்.

"குடுக்க மாட்டார்," என்றார் என் பக்கத்தில் இருந்த கிரிஜா.

றூபன் பந்தோடு வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கையுறை மாட்டிய இடது கையைத் தலைவரின் உள்ளங்கையில் வைத்து, கலியாண வீட்டில் போலவே குலுக்கினார்.