மேல் பெட்டி எண்ணிய இரண்டாவது ஆள்

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன். நள்ளிரவுகூட இல்லை. விடுமுறை நாள், பட்டப்பகல், மத்தியானம் இரண்டரை மணி.

ஒரு தொழிற்சாலையில் தகடு அமுக்கும் பெரிய பிரஸ் ஏற்கெனவே ஒருவரைப் பலி வாங்கியிருந்தது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இடது, வலது, மேல் என்று கேமராவோடு மூன்று கணினிப் பெட்டிகள் பொருத்தினேன். உள்ளே எத்தனை பேர் என்று ஒவ்வொன்றும் தனியாக எண்ணும். ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும். கணக்கு இடித்தால் இரண்டு பெட்டி சொல்வதே முடிவு. பூஜ்யம் என்றால்தான் பிரஸ் இறங்கும்.

சோதனைக்காக உள்ளே போனவன் என் மனைவியின் தம்பி. என்னிடம் இயந்திரம் பொருத்தும் ஃபிட்டர் வேலை பார்ப்பவன். வாய் ஓயாதவன்.

"மாமா, எனக்கு ஏதாவது ஆச்சு, அக்கா உங்கள உரிச்சிடுவா!"

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன்.

இடது: ஒன்று. வலது: ஒன்று. மேல்: இரண்டு.

"மேல இருக்கறது உளறுது," என்றார் பக்கத்தில் நின்ற தொழிற்சாலை மேனேஜர். அதை அணைத்தேன்.

இடது: இரண்டு.

வலது... இரண்டு.

உள்ளே பார்த்துக் கத்தினேன். "டேய், வெளிய வா!"

வந்தான். எங்கள் இருவர் கண்ணெதிரே வந்தான். என்னைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. காலையிலிருந்து வேலை செய்த கையில் துளி கிரீஸ் இல்லை. நேராக வாசலைத் தாண்டிப் போய்விட்டான். கோபம் போல என்று நினைத்தேன்.

மேல் பெட்டியை மறுபடி போட்டேன். இப்போது மூன்றும் ஒரே கணக்கைச் சொல்லின.

ஒன்று.

"அதான் வந்துட்டானே! மூணுமே குப்பை. நாளைக்கு லைன் ஓடியாகணும்," என்றார் மேனேஜர்.

"சார், ஒரு நிமிஷம். எட்டிப் பாத்துட்டு..."

அவர் சாவியைத் திருப்பி, பிரஸ்ஸைப் பெட்டிகள் தடுக்க முடியாதபடி செய்தார். பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

மோட்டார் உறுமியது. அந்தச் சத்தத்துக்குள்ளே...

"மாமா, கூப்பிட்டீங்களா?"

டம்.

...

பிரஸ் மேலே ஏறியது.

மேனேஜர் முதலில் கேட்டது: "அச்சுக்கு ஒண்ணும் ஆகலயே?"

திரையில் மூன்றும்: பூஜ்யம்.

வீட்டுக்குப் போன் செய்தேன். நான் வாயெடுக்கும் முன்பே மனைவி பிடித்துக்கொண்டாள்.

"தம்பிய என்னங்க திட்டினீங்க? இப்பதான் வந்தான்... வாயே திறக்க மாட்டேங்கிறான்."